எலிக்குக் கொடுத்த சொட்டு

உ

கல்லல்
9-2-1969

சிரஞ்சீவி மருமகள் பொன்னழகுக்கு மாமன் சேவுகன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அத்தை கருப்பம்மாள், உன் அம்மாவான என் அக்காள் வீரலட்சுமி எல்லாரும் கருங்கல் மாதிரி இருக்கிறோம். பம்பாய்ச் சோறு உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

கடையில் வியாபாரம் பிரமாதம். பொங்கலுக்கு அப்புறம் ஒன்பது ஆயில் என்ஜின் விற்றேன். அக்காள் நாலு என்று எழுதினால் நம்பாதே, அவளுக்குக் கணக்கு வராது. சிறாவயல் மஞ்சுவிரட்டில் ஒரு காளை என் மீசையைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனதை ஊரே சொல்லிச் சிரிக்கிறது.

காரைக்குடி பஸ் டிரைவருக்கு என் மேல் தனி மரியாதை. நான் கைகாட்டிய இடத்தில் எல்லாம் நிறுத்துகிறான். ஒரு தடவை போய்வருவதற்குள் மூன்று நாலு இடத்தில் இறங்கிப் புளியமரத்துப் பக்கம் காலாறிவிட்டு வருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியார் சத்தியமூர்த்தி டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்: "ஏப்பா சேவுகா, ஒம் மருமக பம்பாயில அப்படி என்னத்தத்தான் ஆராய்ச்சி பண்ணுது?" தெரியாது என்று சொன்னால் என் மானம் என்ன ஆவது? "இருதயம்" என்று போட்டேன். சரிதானா என்று எழுது.

உனக்கு எட்டு வயது இருக்கும். வயலில் புது என்ஜினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ புகைக்குழாய்ப் பக்கம் வந்து நின்று, "மாமா, எண்ணெய் உள்ள போயி என்னவா ஆகுது?" என்று கேட்டாய். அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சத்தமாகச் சொன்னேன்.

உன் மாமன்
சேவுகன், என்ஜின் டீலர்


பம்பாய்
24-2-1969

மாமாவுக்குப் பொன்னழகின் வணக்கங்கள். நான் சுகமாக இருக்கிறேன். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா?

இருதயம் இல்லை மாமா. எலியின் அடிவயிற்றில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. ஆண் எலிக்கு மட்டும் உள்ளது. அதைக் கடுகளவு துண்டுகளாக நறுக்கி, கண்ணாடித் தட்டில் மெல்லிய தாள் ஒன்றின் மேல் வைத்து, சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை அடியில் விடுவோம். எலியை விட்டுப் பிரிந்தும் அந்தத் துண்டு பல நாள் உயிரோடு இருக்கும். ஆனால் சோர்ந்துபோகும். ஓங்கி நின்ற செல்கள் குட்டையாகிவிடும். அந்த நீரில் ஆண் ஹார்மோனைத் துளியிலும் துளி கலந்தால் மறுபடி நிமிர்ந்து வேலை செய்யத் தொடங்கும். அப்போது எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது, எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. எந்த என்ஜின் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று நீங்கள் பார்ப்பீர்களே, அதேதான்.

நீங்கள் அன்று சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "எண்ணெய் உள்ள போயி கோவமா மாறுது, அந்தக் கோவத்துலதான் சக்கரம் சுத்துது" என்றீர்கள். எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, பெரிய தப்பில்லை என்றார்.

வணக்கத்துடன்
பொன்னழகு


உ

கல்லல்
15-3-1969

பேராசிரியர் மெச்சிய மாமனின் மருமகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நலம். அத்தையின் முழங்கால் அவளை விட நன்றாகப் பேசுகிறது.

உன் கடிதத்தை டீக்கடையில் நின்றபடி வாசித்தேன். எலி செத்த பிறகும் எலியின் துண்டு சாகவில்லை என்றதும் ஒருவனுக்கும் டீ இறங்கவில்லை. தபால்காரன் சொக்கு, "அப்ப மனுசனையும் இப்படி வச்சிருக்கலாமாண்ணே?" என்று கேட்டான். "அடுத்த வருசம்" என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கொஞ்சம் வேலை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்.

எந்தச் சுரப்பி என்று நீ பெயர் எழுதவில்லை. ஈரல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தச் சொட்டு விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவன் நான், உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு என்ஜினைத் தனியாகத் தோளில் தூக்குவேன். இப்போது சின்ன அசதி. பின்னிடுப்பில் ஒரு கடுப்பு. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து கொல்லைப்புறம் போய்வருகிறேன். பம்பு சாமான்களைத் திருடர்கள் கொண்டுபோய்விடாமல் காவல் பார்க்கத்தான். அதனால் தூக்கம் கெடுகிறது. வேறு ஒன்றும் இல்லை.

சோர்ந்த துண்டு நிமிர்ந்து உட்கார்ந்ததா? எவ்வளவு நேரத்தில்?

மாமன்
சேவுகன்


பம்பாய்
2-4-1969

மாமாவுக்கு வணக்கம். நான் நலம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. விடுதியில் மாம்பழம் வாங்கினால் நம் வீட்டு நினைவு வருகிறது. பள்ளிக்கூடத்தில் தவளையை அறுத்துப் பார்க்கச் சொன்ன நாளில் நான் அழுதுகொண்டு வந்தேன். நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வாய்க்காலுக்கு வந்து தவளை பிடித்தீர்கள். சேறோடு வந்த நம் இரண்டு பேரையும் அத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

துண்டு நிமிர்வதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் மாமா, அது கண்ணாடித் தட்டில் நடப்பது. ஓர் உடம்புக்குள் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ராத்திரியில் நாலைந்து தடவை எழுவதாக எழுதியிருந்தீர்கள். காவலுக்கு மட்டும்தானா? பஸ்ஸை வழியில் நிறுத்துவதும் நினைவுக்கு வந்தது. நான் கேட்க நினைப்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு நல்ல வைத்தியரிடம் காட்டுங்கள். அசட்டையாக இருக்க வேண்டாம்.

பொன்னழகு


உ

கல்லல்
28-4-1969

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. அனைவரும் க்ஷேமம். நீ சொன்னதைத் தட்டாமல் வைத்தியரிடம் காட்டினேன். எங்கள் கம்பவுண்டர் அழகுசுந்தரத்தை நீ குறைவாக நினைக்காதே, காரைக்குடி டாக்டர்களுக்கே அவன்தான் யோசனை சொல்கிறான்.

"அசதியா இருக்கு, ராத்திரி தூக்கம் இல்ல" என்றேன். கொல்லைப்புற விஷயத்தை அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? உன் கடிதத்தை விரித்து, ஆண் ஹார்மோன் என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, இது ஊசியாவே வருது. எண்ணெயில கரைச்சது. பெரிய பெரிய ஆளுகளெல்லாம் போட்டுக்கிறாக" என்றான். "எண்ணெயா? அப்படியென்றால் என்ஜினுக்குப் பொருத்தம்தான்" என்று சொல்லி இடுப்பைக் காட்டிவிட்டேன். வாரம் ஒன்று.

எலிக்குக் கொடுத்த சொட்டு இப்போது உன் மாமன் உடம்பில் ஓடுகிறது. ரெண்டு ஊசி ஆகிவிட்டது. மீசை முடி முள்ளாக நிற்கிறது. நேற்று மில்லுக்காரனோடு ஒரு சண்டை போட்டேன், இருபது வருஷத்துக்கு முந்திய சண்டை மாதிரி இருந்தது.

உன் படிப்பு நம் குடும்பத்துக்கு முதலில் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. பதில் போடு.

இளமை திரும்பிய
சேவுகன்


கல்லல்
5-6-1969

பொன்னழகுக்கு ஆசீர்வாதம். கார்டில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னிடமிருந்து கடிதம் வந்து ரெண்டு மாதம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஊசி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறேன். பர்மா நடையில் பழகியதுதான். குன்றக்குடி முருகன் கோயிலுக்கு எல்லாரும் போனார்கள், நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன். கூட்டத்தில் நெடுநேரம் நிற்க முடிவதில்லை.

உன் அத்தை உனக்கு எழுதச் சொல்லி அரிக்கிறாள். எதை எழுதுவது என்றால் அவளும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

சேவுகன்


பம்பாய்
14-6-1969

மாமா, என் தந்தி கிடைத்திருக்கும். ஒரு கருவி பழக ஏப்ரல் கடைசியில் பரோடா போய் நேற்றுத்தான் திரும்பினேன். உங்கள் கடிதமும் கார்டும் விடுதியில் எனக்காகக் காத்துக் கிடந்தன.

அந்த ஊசி இனி ஒன்றுகூட வேண்டாம்.

நான் ஆராயும் சுரப்பியின் பெயர் பிராஸ்டேட். அது மூத்திரப் பையின் வாயில், குழாயைச் சுற்றி இருக்கிறது. எலிக்கு மட்டும் இல்லை, ஆண் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு. வயதானால் பலருக்கு அது பெருத்துக் குழாயை நெருக்கும். அடிக்கடி போக வேண்டியிருக்கும். போனால் முழுக்க வராது. ராத்திரியில் பல தடவை எழ வேண்டும். சிலருக்கு அதில் புற்றும் வரலாம். நான் தட்டில் விடும் அந்த ஹார்மோன்தான் அதற்குத் தீனி. எலித் துண்டை நிமிர்த்தியது உங்கள் உடம்பில் எதை நிமிர்த்தும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு என்ன என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். மதுரைக்குப் போங்கள். அவரிடம் பஸ்ஸைப் பற்றியும், கொல்லைப்புறத்தைப் பற்றியும், ஊசியைப் பற்றியும் மூன்றையும் சொல்லுங்கள்.

மாமனுக்கு மருமகள் எழுதுகிற வார்த்தைகள் இல்லை இவை. ஏப்ரலில் இவற்றை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

பொன்னழகு


கல்லல்
22-6-1969

பொன்னழகுக்கு.

நாங்கள் சௌகரியம். உன் தந்தியால் இங்கே நடந்த கூத்தைக் கேள். சொக்கு சைக்கிளில் "தந்தி! தந்தி!" என்று கத்திக்கொண்டே வந்தான். நம் தெருவில் தந்தி என்றால் சாவுதானே? என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் முன்பே உன் அத்தை தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். உன் அம்மா தெருவில் உட்கார்ந்துவிட்டாள். சத்தியமூர்த்தி வந்து வாசித்து, "யாரும் சாகல. ஊசிய நிறுத்தச் சொல்லி இருக்கு" என்றார். "எந்த ஊசிய?" என்று கூட்டமே கேட்டது. பம்பாய் ஆராய்ச்சி நிலையம் என் உடம்பை நேரடியாகக் கவனித்து வருவதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

பின்னால் வந்த கடிதத்தை நானே வாசித்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

எனக்கு அந்த மாதிரித் தொந்தரவு எதுவும் இல்லை. வெயில் சூடு. ஊசியை நிறுத்தியாயிற்று. உனக்காக இல்லை, அழகுசுந்தரத்திடம் மருந்து தீர்ந்துவிட்டது.

நீ படிப்பைக் கவனி.

சேவுகன்


மதுரை
2-8-1969

அன்பு மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதம். படுக்கையில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

ஆடி பிறந்து சில நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொட்டு வரவில்லை. வயிறு பானையாகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தை என் முகத்தைப் பார்த்தாள். தெருவில் இறங்கி, செங்கல் லாரி ஒன்றைக் கை நீட்டி நிறுத்தினாள். லாரியில் ஏறுகிற ஆளா நான் என்று கேட்டேன். "வெக்கம் பெருசா, உசுரு பெருசா? ஏறுறீகளா, இல்ல நான் ஊரக் கூட்டவா?" என்றாள். ஏறினேன்.

இங்கே குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்தார்கள். பெரிய டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, சொல்லக் கூடாத இடத்தில் விரல் விட்டுப் பார்த்தார். பர்மாவில் ஜப்பான்காரன்கூட என்னை அப்படி நடத்தியதில்லை. நீ சொன்ன மூன்றையும் சொன்னேன். ஊசி என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துண்டு எடுத்துச் சோதித்தார்கள். நீ எழுதிய பெயர்தான். சிலருக்குப் புற்றும் வரலாம் என்று எழுதினாயே, அந்தச் சிலரில் நான் ஒருவன்.

"ரெண்டு விதையையும் எடுத்துரணும் பெரியவரே. அதுதான் நோய்க்குத் தீனி போடுது" என்கிறார். புரிகிறதா? என்னைக் காயடிக்கப் போகிறார்களாம். "சார், நான் மஞ்சுவிரட்டுக் காளை பாத்து வளந்தவன், என்னைய வண்டி மாடாக்கப் பாக்குறீகளா?" என்று கேட்டேன். சம்மதித்துக் கையெழுத்துப் போடவில்லை.

குரல் கீச்சென்று ஆகிவிடுமா? மீசை கொட்டிவிடுமா? உன் அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்? வேறு யாரிடம் கேட்பது? எழுது. நீ வந்துவிடாதே. எழுது.

மாமன்


பம்பாய்
7-8-1969

மாமாவுக்கு, உங்கள் பொன்னழகு வணங்கி எழுதுவது. அத்தை ஆஸ்பத்திரியில் உங்கள் கூடவே இருப்பது எனக்கு ஆறுதல்.

கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன். இந்த வயதில் குரல் மாறாது. அது எப்போதோ முற்றிய குரல். மீசை கொட்டாது, கொஞ்சம் மெதுவாக வளரலாம். கொஞ்ச நாள் உடம்பில் திடீர் திடீரென்று அனல் அடித்து வியர்க்கும். ஆசை அடங்கும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அதை நீங்கள் அத்தையிடம் பேசிக்கொள்ளுங்கள், அவர்கள் லாரியை நிறுத்தியவர்கள்.

என் தட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஹார்மோன் இல்லாத நீரில் அந்தத் துண்டு செத்துவிடுவதில்லை. சர்க்கரையை எரிப்பது குறைகிறது, சுருங்குகிறது, அடங்கி இருக்கிறது. உங்கள் சுரப்பியும் தீனி நின்றால் வாரக்கணக்கில் சுருங்கி வழி விடும் என்று டாக்டர் நம்புகிறார். நானும் நம்புகிறேன். எலி வேறு, மனிதர் வேறு என்பது எனக்குத் தெரியும். அடியோடு போய்விடும் என்று நான் எழுத மாட்டேன். பலருக்கு வலி போயிருக்கிறது, வருஷங்கள் கிடைத்திருக்கின்றன.

வண்டி மாடு என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் மஞ்சுவிரட்டுக் காளை வருஷத்தில் ஒரு நாள் ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் நெல்லையும் கரும்பையும் உங்கள் என்ஜின்களையும் இழுப்பது எது மாமா? அதற்குப் பலம் இல்லை என்று நீங்கள் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறீர்களா?

கையெழுத்துப் போடுங்கள்.

பொன்னழகு


உ

கல்லல்
28-9-1969

சிரஞ்சீவி மருமகள் பொன்னழகுக்கு மாமன் சேவுகன் ஆசீர்வாதம். வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மா நலம். உன் அத்தை எனக்குச் சோறு ஊட்டியே இளைத்துவிட்டாள்.

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த மீரான் சாகிபுவிடம் வாசித்துக் காட்டினேன். காரைக்குடியில் ஜவுளிக் கடைக்காரர். அவருக்கும் அதே நோய். வீட்டில் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வண்டி மாட்டு இடத்தில் அவர் சிரித்தார். சிரித்தால் குழாய் வலிக்கும், அதனால் அழவும் செய்தார். "சேவுகா, நீர் மொதல்ல போடும், நான் பாத்துட்டுப் போடுறேன்" என்றார். ஒரு ஆள் வேடிக்கை பார்க்க இருந்தால் நான் எதற்குத்தான் பின்வாங்கியிருக்கிறேன்? போட்டேன்.

ஆபரேஷனில் மயக்க மருந்து எனக்கு ஏறவே இல்லை. நானே டாக்டருக்கு விளக்கைப் பிடித்தேன். உன் அத்தை இதை மறுத்து எழுதச் சொல்கிறாள். எழுத மாட்டேன்.

இடுப்புக் கடுப்பு ஒரு வாரத்தில் விட்டது. மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்துவிட்டு, "போய்ப் பாருங்க" என்று அனுப்பினார்கள். நின்றேன். ஒன்றும் வரவில்லை. குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன். பிறகு ஒரு சொட்டு, பிறகு நூல் மாதிரி, பிறகு தாயி, வைகை அணையில் மதகைத் தூக்கினது மாதிரி! உன் அத்தை கதவுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்ததும், "மழை வந்துச்சு போல" என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. வார்டே கைதட்டியது. சாகிபு மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஊருக்கு வந்த அன்றே டீக்கடையில் சத்தியமூர்த்தி, "என்ன வியாதி?" என்றார். பிராஸ்டேட் என்றேன். அது எங்கே இருக்கிறது, எதை நெருக்கும், எதை எடுத்தார்கள், எல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள். என் மருமகள் ஆராய்வது இதைத்தான், ஈரல் இல்லை என்றும் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொருத்தராகக் கடைக்கு வருகிறார்கள். பெல்ட் விலை கேட்பார்கள், போல்ட்டு விலை கேட்பார்கள், போகிற மாதிரிப் போய்த் திரும்பி வந்து, "அண்ணே, ராத்திரி எந்திரிக்கிறதுன்னா எத்தன தடவ?" என்பார்கள். நேற்று வந்தது கம்பவுண்டர் அழகுசுந்தரம். அவனும் அந்த ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நாளைக்கு அவனை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். விரல் விட்டுப் பார்ப்பார்களா என்று கேட்டு உயிரை எடுக்கிறான்.

கிளம்பும்போது டாக்டர், "இப்போதைக்கு அடங்கி இருக்கு" என்றார். இப்போதைக்கு என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். எழுத வேண்டாம்.

தீபாவளிக்கு வா. ரயிலடிக்கு நானே வருகிறேன். உன் பெட்டியை நான்தான் தூக்குவேன், கூலியாளைக் கூப்பிடாதே. கனமாகவே கொண்டு வா.

உன் மாமன்
சேவுகன்